மைக்கூடும் கணக்கேடும்

உலகில் எத்தொழிலும் ஒருவர் கையால் முடிவதன்று. பலர் கூடியே செய்து முடிக்கின்றனர். அங்ஙனம் பலர் கூடுமிடத்து, இன்னார் இன்னாரிடம் இவ்வளவு பெற்றார், இவ்வளவு திருப்பித் தந்தார் என்பதற்கு அழியாத அடையாளம் ஒன்று வேண்டும். பண்டு ஓலையும் எழுத்தாணியும் அவ்வடையாளத்தைத் தந்தன. பின்னர்க் காகிதமும் பேனாவும் தந்தன. இக்காலத்தில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் தருகின்றன. கருவிகள் மாறினவேயன்றி, அவற்றால் நாம் வேண்டுவது மாறவில்லை.

நம் கல்லூரி மாணவருள் திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம் ஆகிய பகுதிகளிலிருந்து வருவோர் பலர். பனியன் தொழிலோடு உறவுடைய குடும்பத்தினரும், படிப்பு முடிந்தபின் அத்தொழிலின் அலுவலகங்களிற் புகுவோரும் அவருட் பலர். அங்ஙனம் புகுவோர்க்கு முதல் திங்களிலேயே எதிர்ப்படும் வினாக்கள் இரண்டு. பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது. புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்குவதா, பழையதில் மை நிரப்புவதா? கணக்குப் பெருகிவிட்டது, எந்த மென்பொருளில் அதனை வைப்பது? இவை அற்ப விஷயங்களாகத் தோன்றலாம். ஆயினும் பொருளீட்டும் சிறு தொழிலாளியின் கூலி கைக்கு வந்து சேர்வதும் சேராதொழிவதும் சில வேளைகளில் இவற்றைப் பொறுத்தனவாகும். இவ்விரு வினாக்களுக்கும் விடை காணும் நெறி ஒன்றே என்பதனை ஈண்டுக் காட்ட முயல்வோம்.

சலானின் பயணம்

திருப்பூரில் பின்னல் தொழில் 1925-ஆம் ஆண்டளவில் தோன்றிற்று என்பர். நெடுங்காலம் உள்நாட்டிற்கு வேண்டும் பனியன்களையே செய்துவந்த அவ்வூர், 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்கும் ஆடை அனுப்பத் தலைப்பட்டது. 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் நிறுவப்பட்டது; 2009-ல் திருப்பூர் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. இவ்வளவு வளர்ந்தபின்னும் தொழிலின் அமைப்பு ஒரு வகையிற் பழையபடியே உள்ளது. எல்லா வேலையும் ஒரே கூரையின்கீழ் நடைபெறும் பெரிய ஆலைகள் சில இருப்பினும், பெரும்பகுதி வேலை கைமாறிக் கைமாறியே நடைபெறுகிறது. நூல் நிட்டிங் பட்டறைக்குப் போகிறது, அங்கே துணியாகிச் சாயப்பட்டறைக்குப் போகிறது, அங்கிருந்து காம்பாக்டிங், பின்னர்க் கட்டிங், பவர்டேபிள் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொரு வாயிலிலும் சரக்கோடு ஒரு டெலிவரி சலான் உடன் செல்கிறது.

இச்சலான் வெறும் துண்டுச் சீட்டன்று. 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. விதிகளின்படி அது மூன்று பிரதிகளாக எழுதப்படல் வேண்டும். 16 எழுத்துகளுக்கு மிகாத தொடரெண், தேதி, இரு திறத்தாரின் பெயர், சரக்கின் விவரம், அளவு ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டிற்குள் திரும்பி வராவிடில், அனுப்பிய நாளிலேயே அது விற்கப்பட்டதாகச் சட்டம் கருதும். கணக்குகளையும் பத்திரங்களையும், அவ்வாண்டின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்தற்குரிய கடைசி நாளிலிருந்து 72 திங்கள் வரை காத்து வைத்தலும் கடமையாகும்.

வரியைப் பற்றிய அச்சம் ஒருபுறமிருக்க, கூலியைப் பற்றிய கவலை மற்றொருபுறம். நாலைந்து தையல் மிஷின்களைக் கொண்டு பவர்டேபிள் நடத்தும் ஒருவர், ஒரு கம்பெனிக்கு 2,000 உருப்படிகள் தைத்துக் கொடுத்ததாகக் கூறுகிறார். கம்பெனியோ 1,850 உருப்படிகளே வந்தன என்கிறது. அவர் கையில் உள்ள சாட்சி சலான் ஒன்றே. குறு, சிறு தொழில்களுக்கென 2006-ல் இயற்றப்பட்ட சட்டம், பதிவு பெற்ற அத்தகைய தொழிலார்க்குத் தரவேண்டிய தொகையை, எழுத்து வழி ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைத்தலாகாது என விதிக்கிறது. தாமதித்தால் வட்டியும் உண்டு. ஆனால் சரக்குப் போய்ச் சேர்ந்த நாள் எது என்று காட்டினாலன்றி அந்நாட்களை எண்ணத் தொடங்குவது எங்ஙனம்? எழுத்து மங்கிய சலானும், தேடிக் காண இயலாத கணக்கும் அவருக்கு அச்சட்டத்தின் பயனைத் தாரா. மையைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியும் ஆராய்வது இதனாலேயே அவசியமாகிறது.

மை எழுத்தாகும் வகை

அலுவலகங்களில் வழங்கும் பிரிண்டர்கள் மூவகைப்படும். முதலாவது, ஊசிமுனைகளால் ரிப்பனை அடித்து எழுதும் டாட் மேட்ரிக்ஸ். ஓசை மிகுதியாயினும், கார்பன் வைத்து மூன்று பிரதிகளையும் ஒரே அடியில் எழுதவல்லது இது ஒன்றே. ஆதலாற் சலான் மிகுதியாக எழுதுமிடத்து இன்றும் இதற்கு மதிப்புண்டு. இரண்டாவது லேசர். இதில் நீர்மை இல்லை. டோனர் என்னும் பிளாஸ்டிக் கலந்த பொடியைச் சூட்டினால் உருக்கிக் காகிதத்தில் ஒட்டவைப்பது இது. மூன்றாவது இங்க்ஜெட், நுண்ணிய துளைகளின் வழியே மைத்துளிகளைக் காகிதத்தின்மேல் எறிவது.

இங்க்ஜெட்டின் வரலாறு சுவையுடையது. 1977-ல் ஜப்பான் நாட்டுக் கானன் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் இச்சிரோ எண்டோ என்பவர், மை நிறைந்த ஒரு சிரிஞ்ச் ஊசியின்மேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டதும், ஊசிமுனையிலிருந்து மை தெறித்ததைக் கண்டார். சூட்டினால் மையில் ஆவிக்குமிழ் தோன்றுகிறது. குமிழ் விரியும்போது ஒரு துளி வெளியே தள்ளப்படுகிறது. குமிழ் அடங்கும்போது புது மை உள்ளே இழுக்கப்படுகிறது. அமெரிக்க நாட்டு ஹெச்.பி. நிறுவனத்தாரும் தனித்து ஆராய்ந்து இதே வழியைக் கண்டு, 1984-ல் திங்க்ஜெட் என்னும் பிரிண்டரை வெளியிட்டனர். எப்சன் நிறுவனத்தார் வேறு வழி கண்டனர்: மின்சாரம் பாயும்போது வளையும் ஒருவகைப் படிகத்தைக் கொண்டு, சூடின்றியே துளியை அழுத்தி வெளியேற்றினர்.

இவ்வேறுபாடு மை நிரப்புவோர்க்கு முக்கியம். சூட்டு முறையில் இயங்கும் சிறு பிரிண்டர்கள் பலவற்றில் துளைகளையுடைய தலைப்பகுதி கார்ட்ரிட்ஜிலேயே அமைந்துள்ளது. அது கெட்டால் கார்ட்ரிட்ஜை மாற்றுதல் போதும். படிக முறையில் தலைப்பகுதி பிரிண்டரிலேயே நிலைபெற்றது. அது அடைபட்டால் பழுதுபார்க்கும் செலவு பிரிண்டர் விலையை நெருங்கும்; ஆதலின் அதிற் பெய்யும் மையைத் தேர்வதில் அதிக எச்சரிக்கை வேண்டும்.

சாயமும் நிறமியும்

சாயப்பட்டறையையும் பிக்மென்ட் பிரிண்டிங்கையும் அறிந்த கொங்கு நாட்டார்க்கு மையின் வகைகளை விளக்குதல் எளிது. நீரிற் கரையும் சாயத்தாற் செய்த மை ஒன்று. கரையாத நுண்துகளாகிய நிறமியை நீரில் மிதக்கவிட்டுச் செய்த மை மற்றொன்று. சாய மை காகிதத்தின் இழைகளில் ஊறிப் பளபளப்பான வண்ணம் தரும். ஆயினும் நீர் பட்டால் மீண்டும் கரைந்து பரவும், வெயில் பட்டால் வெளிறும். நிறமி மை காகிதத்தின்மேற் படிந்து நிற்கும்; நீரையும் வெயிலையும் ஓரளவு தாங்கும். பருத்தித் துணியிலே சாயம் நூலோடு வேதியியல் முறையிற் பிணைந்து நிலைபெறுகிறது. காகிதத்தில் அத்தகைய பிணைப்பு இல்லை என்பதே இவ்வேறுபாட்டின் காரணம்.

மேசைப் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு நிறமியாகவும் ஏனை மூவண்ணங்களும் சாயமாகவும் அமைந்துள்ளன. ஆதலின் சலானின் எண்ணையும் அளவையும் கறுப்பிலேயே அச்சிடுதல் நலம். அழகு கருதி நீலத்திலும் சிவப்பிலும் அச்சிட்ட எண்கள், ஐப்பசி மழையில் டெம்போ வண்டியில் ஒருமுறை நனைந்தாற் போதும், படிக்கவொண்ணாதனவாகிவிடும்.

எவ்வகை மை என்பதைக் கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பி அறிய வேண்டுவதில்லை. ஒரு வரி அச்சிட்டு, ஒரு நாள் உலரவிட்டு, அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டு விரலாற் தேய்த்துப் பார்க்கலாம். மற்றொரு காகிதத்தைப் பாதி அட்டையால் மூடி, வெயில் படும் சாளரத்தில் ஒரு திங்கள் ஒட்டி வைத்து, மூடிய பகுதியையும் மூடாத பகுதியையும் ஒப்பு நோக்கலாம். துணியின் சாயம் நிற்குமா என்று சோதிக்கும் முறையும் ஏறக்குறைய இதுவே. சூட்டினால் எழுத்துத் தோன்றும் பில் காகிதத்தை மட்டும் எவ்வாற்றானும் காவற் பத்திரமாகக் கொள்ளற்க. அதில் மை என்பதே இல்லை, சில திங்கள்களிலேயே அது வெள்ளைத் தாளாகக்கூடும்.

மை நிரப்பும் முறை

கார்ட்ரிட்ஜில் மை நிரப்புதல் அரிய வித்தையன்று. பொறுமையும் தூய்மையும் வேண்டுவது. தலைப்பகுதியோடு கூடிய சிறு கார்ட்ரிட்ஜின் உள்ளே, மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஸ்பாஞ்ச் உளது. மேலே ஒட்டிய லேபிளை உரித்தால் சிறு துளைகள் தோன்றும். வண்ணக் கார்ட்ரிட்ஜாயின் எத்துளை எவ்வண்ணத்திற்கு உரியது என்பதை ஈர்க்குக் குச்சியால் முன்னரே தொட்டறிதல் வேண்டும். பின்னர் அவ்வகைக்குரிய மையைச் சிரிஞ்சில் எடுத்து, ஊசியைக் கீழே இறக்கி, மெல்ல மெல்ல விடுதல் வேண்டும். விரைந்து அழுத்தினால் காற்று ஸ்பாஞ்சில் சிக்கிக்கொள்ளும். அளவு மிஞ்சினால் கீழ்த்துளைகளின் வழியே சொட்டும். மேல்துளை காற்றுப் போகும் வழியாதலால் அதனை முற்றும் அடைத்துவிடலாகாது.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில உள. கார்ட்ரிட்ஜ் முற்றும் வற்றுமுன்னரே நிரப்புதல் வேண்டும். சூட்டு முறைத் தலைப்பகுதியில் மையே குளிர்விக்கும் பொருளுமாதலால், மையின்றி அச்சிட முயன்றால் உட்கம்பி எரிந்துபோம். சாய மை இருந்த கூட்டில் நிறமி மையைக் கலக்கலாகாது. இரண்டும் சேர்ந்து திரிந்து துளையை அடைக்கக்கூடும். துளைகளைத் துடைப்பதற்கு நம் ஊரில் எளிதிற் கிடைக்கும் பனியன் வேஸ்டை எடுப்பது வழக்கம். அஃது ஆகாது, பருத்தித் துணுக்கு துளைகளில் ஒட்டிக்கொள்ளும். இழை விடாத துணியை நீரில் நனைத்து ஒற்றி எடுத்தல் போதும். நிட்டிங் பட்டறையினுள் பஞ்சுத் தூசி எப்பொழுதும் பறப்பதாதலால், அங்குள்ள பிரிண்டர்க்கு மூடுதுணி இன்றியமையாதது. வாரத்திற்கு ஒரு பக்கமாவது எல்லா வண்ணத்திலும் அச்சிட்டுவரின் மை துளையில் உலர்ந்து அடைபடுதல் குறையும்.

நிரப்பிய பின்னும் மை இல்லை என்றே சில பிரிண்டர்கள் கூறும். கார்ட்ரிட்ஜில் உள்ள சிறு சிப், எறிந்த துளிகளை எண்ணிக் கணக்கிடுகிறதேயன்றி உள்ளிருக்கும் மையைப் பார்ப்பதில்லை. டோனர் நிரப்புவோர் முகத்தில் மாஸ்க் கட்டிக்கொள்ளல் வேண்டும். அப்பொடி மூச்சோடு உட்செல்லத் தக்கதன்று.

பலமுறை நிரப்பித் தேய்ந்த கார்ட்ரிட்ஜைக் குப்பையில் எறிதலும், மிஞ்சிய மையைச் சாக்கடையில் ஊற்றுதலும் ஒழித்தற்குரியன. மின்னணுக் கழிவு பற்றிய இந்திய விதிகளின் அட்டவணையில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கென உரிய சேகரிப்பாளரிடமே அதனைத் தரல் வேண்டும். சாய நீரால் நொய்யலாறு கெட்டதனால், 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஊரே வேலையிழந்து நின்ற நாட்களை நம் பெற்றோர் மறந்திலர். அலுவலகத்தின் மை சிறிதேயாயினும், போய்ச் சேரும் நீர் ஒன்றே.

விலையின் சூட்சுமம்

பிரிண்டர் மலிவாகவும் அதன் மை அருமையாகவும் விற்கப்படுவது ஏன்? பிரிண்டரை ஒருமுறை விற்று, மையைப் பன்முறை விற்றலே பல நிறுவனங்களின் வியாபார முறை. விளக்குக்காக ஒரு கணக்குக் காண்போம். இவ்வெண்கள் சந்தை விலையல்ல, உதாரணமே. 3,000 ரூபாய் விலையுள்ள பிரிண்டர் ஒன்றின் கார்ட்ரிட்ஜ் 800 ரூபாய். அது 160 பக்கம் எழுதும். பக்கத்திற்கு 5 ரூபாய் ஆயிற்று. மைத்தொட்டி உடைய பிரிண்டர் ஒன்று 12,000 ரூபாய். அதன் மைப்புட்டி 400 ரூபாய், 4,000 பக்கம் எழுதும். பக்கத்திற்கு 10 காசு. திங்களுக்கு 1,000 பக்கம் அச்சிடும் கம்பெனிக்கு முன்னது 5,000 ரூபாயும் பின்னது 100 ரூபாயும் செலவு வைக்கும். அதிகமாகக் கொடுத்த 9,000 ரூபாய் இரண்டு திங்களுக்குள் திரும்பிவிடும். முன்னதையே வைத்துக்கொண்டு 100 ரூபாய்க்கு மை நிரப்பி வந்தால் செலவு 625 ரூபாயாகக் குறையும். தொட்டிப் பிரிண்டரின் விலை வேறுபாடு ஈடாகப் பதினேழு பதினெட்டுத் திங்கள் செல்லும். திங்களுக்கு 40 பக்கமே அச்சிடும் பவர்டேபிள்காரர்க்கோ, நிரப்புவதனால் 25 ரூபாயும் தொட்டியினால் 4 ரூபாயும் செலவு. அவர் தொட்டிப் பிரிண்டர் வாங்கினால் விலை ஈடாக முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே எது நல்ல பிரிண்டர் என்னும் வினாவிற்கு, நீர் திங்களுக்கு எத்தனை பக்கம் அச்சிடுகிறீர் என்பதே முதல் மறுவினா. பெட்டியின்மேல் எழுதிய பக்கக் கணக்கு, தரநிலைப்படி வகுத்த மாதிரிப் பக்கங்களைக் கொண்டு அளந்தது. நாம் அச்சிடும் பக்கத்தில் படமும் லேபிளும் மிகுந்தால் எண்ணிக்கை குறையும் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

மை நிரப்புவோர்க்கும் உற்பத்தியாளர்க்கும் இடையே நடந்த போராட்டம் உலகறிந்தது. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹெச்.பி. நிறுவனத்தின் சில பிரிண்டர்கள், பிறர் செய்த சிப் உடைய கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் மறுக்கத் தொடங்கின. முன்னரே அனுப்பிய மென்பொருள் மாற்றம் அதற்குக் காரணம். வாங்கியவர்கள் கூக்குரலிட, அதனை நீக்கும் வழியை நிறுவனம் பின்னர் வெளியிட்டது. 2017-ஆம் ஆண்டு மே 30-ல், டோனர் கார்ட்ரிட்ஜை மீண்டும் நிரப்பி விற்ற வணிகர்மீது லெக்ஸ்மார்க் நிறுவனம் தொடுத்த வழக்கில், ஒரு பொருளை விற்றபின் அதன்மேல் காப்புரிமையாளர்க்குள்ள பேடண்ட் உரிமை தீர்ந்துவிடுகிறது என அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவற்றிற்கு முன்னரே, ஆசிய நாடுகளின் கடைவீதிகளில் பிரிண்டரின் பக்கத்தே புட்டிகளைக் கட்டிக் குழாய் வழியே மை செலுத்தும் வழக்கம் பரவியிருந்தது. எப்சன் நிறுவனத்தார் 2010-ல் தாமே மைத்தொட்டி வைத்த பிரிண்டரை இந்தோனேசியாவில் முதலில் வெளியிட்டு, பின்னர் இந்தியாவிற்கும் கொணர்ந்தனர். கடைவீதித் தொழிலாளியின் யுக்தி இங்ஙனம் பெருநிறுவனத்தின் சரக்காயிற்று.

கணக்கேடும் தரவுத்தளமும்

இனி, இரண்டாம் வினாவிற்கு வருவோம். சிறு அலுவலகம் ஒன்றில் முதலிற் கணக்கு எக்ஸெல் தாளிலேயே தொடங்கும். அது குற்றமன்று. ஆயின் ஒரே சாயப்பட்டறையின் பெயரை ஒருவர் முழுதாகவும், ஒருவர் சுருக்கியும், ஒருவர் எழுத்துப் பிழையோடும் எழுதுவர். திங்கள் முடிவில் கூட்டிப் பார்த்தால் ஒரு பட்டறை மூன்றாகப் பிரிந்து நிற்கும். ஐந்நூறு கிலோ நூல் நிட்டிங்கிற்குப் போய், துணியாகி இரண்டு சாயப்பட்டறைகளுக்குப் பிரிந்து, எடை குறைந்து திரும்பினால், குறைவு எவ்விடத்து நேர்ந்தது என்பதை அத்தாளிற் காண்பது அரிது.

டேட்டாபேஸ் என வழங்கும் தரவுத்தளம் இக்குறையை நீக்குவது. 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் என்பவர் வகுத்த முறையே இன்றைய தரவுத்தளங்களிற் பெரும்பாலானவற்றிற்கு அடிப்படை. அதன் சாரம் இது: ஒவ்வொரு விஷயத்தையும் ஒரே இடத்தில் ஒரே முறை எழுதுக, பிற இடங்களில் அதன் எண்ணை மட்டும் குறிக்க. பார்ட்டிகளின் பட்டியல் ஒன்று. லாட்களின் பட்டியல் ஒன்று. சலான்களின் பட்டியல் ஒன்று. வேலை வகைகளின் பட்டியல் ஒன்று. சலான் பட்டியலில் பட்டறையின் பெயர் இராது. பார்ட்டி எண் 27 என்றே இருக்கும். முகவரி மாறினால் ஓரிடத்தில் திருத்தினாற் போதும். லாட் எண் 112-க்குரிய சலான்களையெல்லாம் திரட்டுக, அனுப்பிய எடையையும் வந்த எடையையும் பட்டறைவாரியாகக் காட்டுக என்று கேட்டால் அது நொடியில் விடை தரும். ஓராண்டு முடியும் தறுவாயிலும் திரும்பாத சரக்கு எது என்பதையும் அவ்வாறே அறியலாம்.

தாளின் எல்லையை அறியாது நம்புவதனால் வரும் கேட்டிற்கு ஓர் உதாரணம்: 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், கொரோனா நோயுற்றோர் பட்டியலைப் பழைய எக்ஸெல் வடிவத்திற் சேமித்தனர். அவ்வடிவம் 65,536 வரிகளுக்குமேற் கொள்ளாது. மிஞ்சிய வரிகள் விடுபட்டமையால் 15,841 பேருடைய விவரம் உரிய நாளில் கணக்கிற் சேரவில்லை. அவர்களோடு பழகியோரை எச்சரிப்பதும் தாமதமாயிற்று. புதிய வடிவம் 10,48,576 வரிகள் கொள்ளும். எனினும் பலர் ஒரே காலத்தில் எழுதும் கணக்கிற்கு எக்ஸெல் தாள் தக்க பாத்திரமன்று.

மென்பொருளைத் தெரிதல்

இன்ன மென்பொருளே சிறந்தது என்று ஒன்றைச் சுட்டுதல் பொருந்தாது. அலுவலகத்தின் அளவிற்கு ஏற்பத் தெரிதல் வேண்டும்.

வரவு செலவும் வரியுமே நோக்கமாயின் டாலி போன்ற கணக்கு மென்பொருள் போதும். துணி ஆலைகளுக்குப் பொருள் வழங்கி வந்த கோயங்கா குடும்பத்தினர், தம் தொழிற்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடையாமையால் 1986-ல் பெங்களூரில் தாமே செய்யத் தொடங்கியது அது. ஆயினும் லாட், டயா, ஜி.எஸ்.எம்., எடைக் குறைவு முதலிய பனியன் தொழிலின் விவரங்களைத் தொடர்ந்து பின்பற்றத் தனித் தரவுத்தளம் வேண்டும்.

ஒருவரே, ஒரே கம்ப்யூட்டரில் எழுதும் அலுவலகத்திற்கு மைக்ரோசாஃப்ட் அக்ஸஸ் அல்லது லிப்ரே ஆஃபீஸ் பேஸ் தகும். அக்ஸஸ் 1992-ல் வெளிவந்தது. விண்டோஸில் மட்டும் இயங்குவது. அதன் கோப்பு 2 ஜி.பி. அளவிற்கு மேற் செல்லாது. கற்பிப்போரும் புத்தகங்களும் மிகுதியாக உள்ளமை அதன் நன்மை. லிப்ரே ஆஃபீஸ் 2010-ல் தோன்றியது, விலையில்லை, லினக்ஸிலும் இயங்கும், படிவம் அமைக்கும் வசதி அக்ஸஸைப்போல் அத்துணை நயமுடையதன்று.

நான்கைந்து மேசைகளிலிருந்து ஒரே வேளையில் எழுத வேண்டுமாயின், மரியா டி.பி., போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களை ஒரு கம்ப்யூட்டரில் நிறுவி, ஏனையவற்றை அதனோடு இணைத்தல் நலம். இவை இரண்டும் விலையின்றிக் கிடைப்பன. நிறுவிக் காப்பதற்குத் தேர்ந்தவர் ஒருவர் வேண்டும் என்பதே செலவு. இணையவழி வாடகைக்குக் கிடைக்கும் மென்பொருள்களும் பல உள. அவற்றில் நிறுவும் தொல்லை இல்லை. திங்கள்தோறும் வாடகை உண்டு.

எதனைத் தெரியினும் மூன்று வினாக்களை முன்னரே கேட்டல் வேண்டும். என் கணக்கு முழுவதையும் ஸி.எஸ்.வி. போன்ற எளிய வடிவில் நானே வெளியே எடுக்க இயலுமா? வாடகையை நிறுத்தியபின்னும், சட்டம் கேட்கும் ஆண்டுகள் வரை, அதனைப் படிக்க இயலுமா? இதனைச் செய்து தந்தவர் ஊரைவிட்டுப் போனால் வேறொருவர் வந்து திருத்த இயலுமா?

இவ்வினாக்கள் வீணல்ல என்பதற்குப் பாக்ஸ்புரோவின் வரலாறு சான்று. 1990-களில் நம் நாட்டுச் சிறு அலுவலகங்கள் பலவற்றில் அதிலே எழுதிய கணக்கு மென்பொருள்களே வழங்கின. மைக்ரோசாஃப்ட் அதனை 1992-ல் வாங்கி, 2007-ல் இனிப் புதுப் பதிப்பு இல்லை என அறிவித்து, 2015-ல் ஆதரவையும் நிறுத்திற்று. மென்பொருள் மூப்படைந்தது, ஆயினும் அது கணக்கைச் சேமித்த டி.பி.எஃப். கோப்பின் அமைப்பு யாவரும் அறிந்ததாதலால், அக்கோப்புகளை இன்றும் லிப்ரே ஆஃபீஸில் திறந்து படிக்கலாம். பூட்டிய வடிவத்தில் வைத்தோர்க்கு அந்நற்பேறு இல்லை.

தமிழிற் பெயர் எழுதுவோர்க்கு ஒரு சொல். பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவை வைத்து எழுதிய கணக்கு, எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரிற் குழம்பித் தோன்றும், தேடினாலும் அகப்படாது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-ஆம் ஆண்டு ஜூனில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆதலின் யூனிகோடிலேயே எழுதுக. பழையதை மாற்றி வைத்துக்கொள்க.

எம்மென்பொருளாயினும் பிரதி எடுத்து வைத்தல் கடமை. நாள்தோறும் ஒரு பிரதி. வாரத்திற்கு ஒருமுறை மற்றொரு பிரதி அலுவலகத்திற்கு வெளியே. எடுத்த பிரதியைத் திங்களுக்கு ஒருமுறையேனும் வேறொரு கம்ப்யூட்டரிற் திறந்து பார்த்தல் வேண்டும். திறவாத பிரதி உண்டென்று எண்ணியிருத்தல் பேராபத்து.

முடிவுரை

மைக்கூட்டையும் கணக்கேட்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், இரண்டிலும் வாங்குவோன் கவனிக்க வேண்டியது ஒன்றே என்பது விளங்கும். முதலிற் கொடுக்கும் விலையைக் காட்டிலும் பின்னர்த் தொடர்ந்து கொடுக்கும் விலை பெரிது. உள்ளே இருப்பது நம்முடையதாயின், திறந்து நிரப்பவும் எடுக்கவும் உரிமையும் நம்மிடமே இருத்தல் வேண்டும். கூட்டைத் திறக்க ஒட்டாத பிரிண்டர் சில ஆயிரம் ரூபாயை விழுங்கும். கணக்கை எடுக்க ஒட்டாத மென்பொருளோ தொழிலின் நினைவையே விழுங்கிவிடும்.

வாணிகமும் கணிதமும் பௌதிகமும் பயிலும் மாணவ நண்பர்கள், விடுமுறையில் தம் வீட்டு அலுவலகத்திலோ அண்டை அயலாரின் பட்டறையிலோ இவற்றைச் சோதித்துப் பார்ப்பாராக. பக்கத்திற்கு என்ன செலவாகிறது என்று ஒரு திங்கள் எழுதி வைத்துக் கணக்கிடுக. சென்ற ஆண்டின் சலான் ஒன்றை எடுத்து எழுத்து நிற்கிறதா என்று பார்க்க. மென்பொருளிலிருந்து பார்ட்டிப் பட்டியலை வெளியே எடுக்க முயல்க. எழுதப் படிக்க நேரமின்றி இரவும் பகலும் மிஷினோடு போராடும் பவர்டேபிள்காரர் ஒருவர்க்கு, அவருடைய ஆறாண்டுச் சலான்களை வரிசைப்படுத்தித் தேடக்கூடிய ஏடாக அமைத்துக் கொடுப்பது, நாம் கற்ற கல்வியால் அவருக்குச் செய்யத்தக்க நல்லுதவியாகும்.